ஒரே சப்நெட்டில் இரண்டு நெட்வொர்க் கார்டு: இரண்டாவது கார்டு வழியாக எதுவுமே போகவில்லை

பீன்யா_28 | திங்கள், இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரு பீன்யாவில் அட்டைப்பெட்டி டிசைன் செய்து அச்சடித்துக் கொடுக்கிற ஒரு சிறிய கம்பெனியில் சிஸ்டம் வேலை மொத்தமும் நான்தான் பார்க்கிறேன். 28 கணினிகள், டெபியன் 12 (லினக்ஸ்) போட்ட ஒரு ஃபைல் சர்வர், அதில் ஃபைல்களை விண்டோஸ் கணினிகளோடு பகிர்கிற சாம்பா, நடுவில் 24 போர்ட் கிகாபிட் ஸ்விட்ச். ஸ்விட்ச் மேனேஜ்ட் வகை (உள்ளே போய் அமைப்பை மாற்றக்கூடியது) இல்லை, சாதாரணமானது. 16 கேமராக்களும் இதே சர்வரில் இருக்கிற ஒரு ஷேரில்தான் பதிவு செய்கின்றன.

மதியம் 3 மணிக்கு மேல் டிசைன் பிரிவில் ஒரு ஃபைலைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு போர்ட் போதவில்லை என்று நினைத்து, சனிக்கிழமை சிக்பேட்டை வரை மெட்ரோவில் போய் எஸ்.பி. ரோடில் இன்னொரு கிகாபிட் கார்டு வாங்கிவந்து சொருகினேன். ஈத்0 பழைய கார்டு, ஈத்1 புதியது. இரண்டும் ஒரே சப்நெட், அதாவது 192.168.10 என்று தொடங்குகிற ஒரே முகவரிக் கூட்டம். கேட்வே என்பது வெளியே போகிற வாசல். அமைப்பு இப்படி:

ஈத்0 – 192.168.10.21/24, கேட்வே 192.168.10.1
ஈத்1 – 192.168.10.22/24, கேட்வே போடவில்லை

இரண்டு கேபிளும் அதே ஸ்விட்சில். டிசைன் பிரிவு .21, கணக்குப் பிரிவின் 9 கணினிகளும் கேமராக்களும் .22 என்று பிரித்துக் கொடுத்துவிட்டேன். பிங் இரண்டுக்கும் வருகிறது, ஷேரும் திறக்கிறது. ஆனால் வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "ஐபி -எஸ் லிங்க்" போட்டுப் பார்த்தால் எல்லா டேட்டாவும் ஈத்0 வழியாகவே போய்வந்திருக்கிறது, ஈத்1 அனுப்பியது சில கேபி மட்டும். இன்னும் குழப்பமான விஷயம், ஈத்1 கேபிளைக் கழற்றிய பிறகும் .22-க்கு பிங் வருகிறது! ஈத்0 கேபிளைக் கழற்றினால் இரண்டுமே போய்விடுகின்றன. கார்டு பழுதா, நான் செய்தது தப்பா?

அல்சூர்_கேபிள் | திங்கள், இரவு 11.05

முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். "ஈத்டூல் ஈத்1" போட்டால் வேகம் 1000 என்று காட்டுகிறதா? 100 என்று காட்டினால் உள்ளே ஏதோ ஒரு ஜோடிக் கம்பி விட்டிருக்கும்.

பீன்யா_28 | திங்கள், இரவு 11.20

பார்த்துவிட்டேன். 1000, ஃபுல் டூப்ளெக்ஸ். கேபிளும் புதியது.

வைட்ஃபீல்ட்_ரூட் | செவ்வாய், காலை 6.50

கார்டும் நன்றாக இருக்கிறது, கேபிளும் நன்றாக இருக்கிறது. நீங்கள் பார்த்தது லினக்ஸின் இயல்பான நடத்தை. ஆபீஸ் பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது, விரிவாகவே எழுதுகிறேன்.

லினக்ஸைப் பொறுத்தவரை ஐபி முகவரி என்பது கார்டுக்குச் சொந்தமானது இல்லை, மெஷினுக்குச் சொந்தமானது. .22-ஐ ஈத்1-ல் எழுதினீர்கள், சரி, ஆனால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அதை "இந்த மெஷினின் முகவரிகளில் ஒன்று" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. எந்தக் கார்டு வழியாக .22-க்கு பாக்கெட் வந்தாலும் வாங்கிக்கொள்ளும். இதற்கு வீக் ஹோஸ்ட் மாடல் என்று பெயர். 1989-ல் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணையத் தர ஆவணம் இந்த முறை, இதற்கு எதிரான ஸ்ட்ராங் முறை இரண்டையும் விவரித்து, இரண்டுக்கும் இடம் கொடுத்திருக்கிறது. லினக்ஸ் எடுத்துக்கொண்டது வீக் முறை. ஈத்1 கேபிளைக் கழற்றியும் பிங் வந்ததற்குக் காரணம் இதுதான். பிங் ஈத்0 வழியாக வந்தது, முகவரி மெஷினில் இருக்கிறது, பதில் போய்விட்டது.

இரண்டாவது, வெளியே போகிற வழி. "ஐபி ரூட்" போட்டுப் பாருங்கள், 192.168.10.0/24 என்ற வரி இரண்டு தடவை இருக்கும், ஒன்று ஈத்0, ஒன்று ஈத்1. சேருமிடத்தை மட்டும் பார்த்துத்தான் கெர்னல் வழியைத் தேர்ந்தெடுக்கிறது, இரண்டும் ஒரே சப்நெட் என்பதால் முதலில் இருக்கிற வரிதான் எப்போதும் கிடைக்கும். அதனால் .22 என்ற முகவரியிலிருந்து கிளம்புகிற பதிலும் ஈத்0 வழியாகவே வெளியேறும். அனுப்புநர் முகவரியில் .22 என்று இருப்பதால் மட்டும் பாக்கெட் ஈத்1-க்குப் போய்விடாது. பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிற இடம் இது.

மூன்றாவது, ஆர்ப், அதாவது ஒரு ஐபி முகவரி எந்தக் கார்டின் மேக் முகவரியில் (கார்டின் வன்பொருள் எண்ணில்) இருக்கிறது என்று கேட்டறிகிற முறை. "192.168.10.22 யாரிடம் இருக்கிறது?" என்று ஒரு கணினி கேட்கும்போது அந்தக் கேள்வி பிராட்காஸ்டாக, அதாவது எல்லோருக்கும் போகிறது, உங்கள் இரண்டு கார்டுகளுக்குமே கேட்கும். முகவரி மெஷினுடையது என்பதால் ஈத்0-வும் "என்னிடம்தான்" என்று தன் மேக் முகவரியைக் கொடுத்துவிடும். இதை ஆர்ப் ஃப்ளக்ஸ் என்பார்கள். உங்கள் விண்டோஸ் கணினி எதிலாவது "ஆர்ப் -ஏ" போட்டுப் பாருங்கள், .21-க்கும் .22-க்கும் ஒரே மேக் காட்டினால் நான் சொன்னது உறுதி.

இரண்டு கார்டும் தனித்தனியாக வேலை செய்ய வேண்டும் என்றால் மூன்றையும் ஒன்றாகச் சரிசெய்ய வேண்டும், ஒன்றை மட்டும் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள்: ஆர்ப் யார் பதில் சொல்வது, பதில் எந்த வழியே போவது, ஆர்பி_ஃபில்டர் (உள்ளே வருகிற பாக்கெட்டின் திரும்பும் வழியைச் சோதிக்கிற அமைப்பு) என்ன மதிப்பில் இருக்கிறது. கட்டளைகளை மாலையில் எழுதுகிறேன். அதுவரை சாவி வார்த்தைகள் ஆர்ப்_இக்னோர், ஆர்ப்_அனவுன்ஸ், ஐபி ரூல்.

பீன்யா_28 | செவ்வாய், காலை 9.35

அண்ணா, "ஆர்ப் -ஏ" பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே மேக், ஈத்0-வுடையது. கார்டை மாற்றித்தரச் சொல்லிக் கடைக்கே போயிருப்பேன், நல்லவேளை.

எஸ்பிரோடு_கார்டு | செவ்வாய், மதியம் 1.10

வாரத்துக்கு இரண்டு பேராவது இதே புகாரோடு கடைக்கு வருகிறார்கள். டெஸ்ட் மெஷினில் போட்டுக் காட்டினால் கார்டு நன்றாக ஓடும், ஆனாலும் நம்ப மாட்டார்கள். வைட்ஃபீல்ட் சார் எழுதியதை அச்செடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன்.

விண்டோஸ்_வாசல் | செவ்வாய், மதியம் 2.25

எங்கள் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வரில் இதே மாதிரி இரண்டு கார்டு ஒரே சப்நெட்டில் போட்டிருக்கிறோம், இரண்டும் வேலை செய்கின்றனவே? லினக்ஸில் மட்டும் ஏன் இவ்வளவு பாடு?

வைட்ஃபீல்ட்_ரூட் | செவ்வாய், மாலை 6.15

விண்டோஸ் விஸ்டா, சர்வர் 2008 முதல் அவர்கள் ஸ்ட்ராங் ஹோஸ்ட் முறைக்கு மாறிவிட்டார்கள். ஒரு கார்டுக்கு வந்த பாக்கெட் அந்தக் கார்டின் முகவரிக்கானதாக இருந்தால்தான் வாங்கும், பதிலும் அந்த முகவரி இருக்கிற கார்டு வழியாகவே போகும். எக்ஸ்பி, சர்வர் 2003 காலத்தில் ஐபிவி4-ல் அங்கேயும் லினக்ஸ் மாதிரிதான் இருந்தது. அதோடு சர்வர் 2012-ல் எஸ்எம்பி மல்டிசேனல் வந்தது, ஒரே ஃபைல் பரிமாற்றத்தைப் பல கார்டுகளில் பிரித்து அனுப்பும். சாம்பாவில் அது 4.4 பதிப்பில் சோதனை நிலையில் வந்து, 4.15 முதல் தானாகவே இயங்குகிறது. ஆனால் எதிர்முனையில் இருக்கிற கணினிக்கு ஒரே ஒரு கிகாபிட் போர்ட்தான் இருக்கிறது என்றால் அந்த ஒரு கணினிக்கு வேகம் கூடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

லினக்ஸ் முறை குறை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வழியாக வந்தாலும் மெஷினை எட்ட முடிய வேண்டும் என்பது ரௌட்டராக ஓடுகிற மெஷினுக்கு மிக நல்ல குணம். ஒரே சப்நெட்டில் இரண்டு கார்டு வைக்கிறவர்களுக்குத்தான் அது இடிக்கிறது.

இனி கட்டளைகள். உச்சரிப்பில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள். முதலில் ஆர்ப்:

நெட்.ஐபிவி4.கான்ஃப்.ஆல்.ஆர்ப்_இக்னோர் = 1
நெட்.ஐபிவி4.கான்ஃப்.ஆல்.ஆர்ப்_அனவுன்ஸ் = 2

முதல் வரியின் பொருள், கேட்கப்பட்ட முகவரி கேள்வி வந்த கார்டிலேயே எழுதப்பட்டிருந்தால் மட்டும் பதில் சொல். இரண்டாவது வரி, நீயே ஆர்ப் கேள்வி கேட்கும்போது அந்தக் கார்டுக்குப் பொருத்தமான முகவரியை அனுப்புநராகப் போடு, இன்னொரு கார்டின் முகவரியைப் போட்டு மற்றவர்களின் ஆர்ப் அட்டவணையைக் கெடுக்காதே. இந்த இரண்டுக்கும் "ஆல்" என்பதில் உள்ள மதிப்பு, கார்டில் உள்ள மதிப்பு இரண்டில் எது பெரியதோ அதுதான் செல்லும், அதனால் "ஆல்"-ல் போட்டால் போதும்.

அப்புறம் ஒவ்வொரு முகவரிக்கும் தனி ரௌட்டிங் டேபிள் (எது எந்த வழியே போவது என்ற பட்டியல்):

ஐபி ரூட் ஆட் 192.168.10.0/24 டெவ் ஈத்1 எஸ்ஆர்சி 192.168.10.22 டேபிள் 102
ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 192.168.10.1 டெவ் ஈத்1 டேபிள் 102
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.10.22 டேபிள் 102 ப்ரியாரிட்டி 102

ஈத்0-வுக்கும் இதே மூன்று வரிகளை .21, டேபிள் 101 என்று மாற்றி எழுதுங்கள். டேபிள் எண்ணாக 253, 254, 255 வேண்டாம், அவை டிஃபால்ட், மெயின், லோக்கல் டேபிள்களுக்கு ஒதுக்கப்பட்டவை. சரியாக அமைந்ததா என்று பார்க்க:

ஐபி ரூட் கெட் 192.168.10.50 ஃப்ரம் 192.168.10.22

விடையில் "டெவ் ஈத்1" என்று வர வேண்டும்.

ஆர்பி_ஃபில்டர் உங்கள் சர்வரில் என்ன மதிப்பு என்று சொல்லுங்கள், அதைப் பொறுத்து மூன்றாவது பகுதி எழுதுகிறேன்.

பீன்யா_28 | புதன், காலை 8.05

அவசரம். நேற்று இரவு 11 மணிக்கு ஆர்ப் வரிகள் இரண்டையும் மட்டும் போட்டேன், ரௌட்டிங் டேபிள் வேலையை இன்று உணவு இடைவேளையில் செய்யலாம் என்று நிறுத்திவிட்டேன். காலை 7.15-க்கு வந்தால் .22 சுத்தமாகக் காணோம். கேமரா பதிவு இரவு முழுக்க விழவில்லை, கணக்குப் பிரிவில் ஷேர் திறக்கவில்லை. இன்று மாதத்தின் சம்பளப் பட்டியல் நாள். வரிகளை எடுத்துவிட்டேன், பழையபடி வந்துவிட்டது. ஏன் இப்படி ஆனது?

வைட்ஃபீல்ட்_ரூட் | புதன், காலை 8.20

ஆர்பி_ஃபில்டர் 1 என்று இருக்கிறதா? உடனே பாருங்கள்.

பீன்யா_28 | புதன், காலை 8.31

ஆமாம் அண்ணா, "ஆல்"-ல் 1. எனக்கு முன்பு இருந்தவர் பாதுகாப்புக்கென்று ஒரு ஃபைலில் எழுதிவைத்திருக்கிறார்.

வைட்ஃபீல்ட்_ரூட் | புதன், காலை 8.55

அப்படியானால் விஷயம் முழுதாகப் புரிகிறது. நேற்றே இதைக் கேட்டு, பதில் வந்த பிறகு கட்டளைகளைக் கொடுத்திருக்க வேண்டும், அது என் தவறு.

ஆர்பி_ஃபில்டர் என்பது ரிவர்ஸ் பாத் சோதனை. ஒரு பாக்கெட் உள்ளே வந்ததும், "இதை அனுப்பியவருக்கு நான் பதில் அனுப்பினால் எந்தக் கார்டு வழியாக அனுப்புவேன்?" என்று கெர்னல் பார்க்கும். மதிப்பு 1 என்றால், வந்த கார்டும் அந்தக் கார்டும் ஒன்றாக இல்லாவிட்டால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். போலி முகவரியிலிருந்து வருகிறவற்றைத் தடுக்க இது நல்ல காவல்தான். உங்கள் விஷயத்தில், .50 என்ற கணினியிடமிருந்து ஈத்1-க்கு எது வந்தாலும், திரும்பிப் போகிற வழி ஈத்0 என்று மெயின் டேபிள் சொல்கிறது, பொருந்தவில்லை, எறி. பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், ஆர்ப் கேள்விக்கும் இதே சோதனை உண்டு. அதனால் உங்கள் ஈத்1 முதல் நாளிலிருந்தே ஆர்ப்புக்கு வாயே திறக்கவில்லை. .22-க்கு எல்லா நேரமும் ஈத்0-தான் பதில் சொல்லி வந்தது.

இப்போது ஆர்ப்_இக்னோர் 1 போட்டீர்கள். .22 தன்னிடம் எழுதப்படவில்லை என்பதால் ஈத்0 பதில் சொல்வதை நிறுத்தியது. ஈத்1-ஐ ஏற்கெனவே ஆர்பி_ஃபில்டர் ஊமையாக்கி வைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது, .22 என்று ஒரு மெஷின் இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

ஐபி ரூல் வரிகளைப் போட்டால் இது தானாகவே தீரும், ஏனென்றால் அந்தத் திரும்புவழிச் சோதனையும் ரூல்களைப் பார்த்துத்தான் நடக்கிறது. .22-க்கு வந்ததற்குப் பதில் டேபிள் 102 வழியாக, அதாவது ஈத்1 வழியாகப் போகும் என்று தெரிந்தால் 1-லேயே கடந்துவிடும். ஆனால் பிராட்காஸ்ட் பாக்கெட்டுகளுக்கு இந்த ரூல் பொருந்தாது, அவை ஈத்1-ல் தொடர்ந்து எறியப்படும். அதனால் ஈத்0, ஈத்1 இரண்டிலும் ஆர்பி_ஃபில்டரை 2 என்று தளர்த்திவிடுவது நல்லது. இதிலும் பெரிய மதிப்புதான் செல்லும் என்பதால் "ஆல்"-ல் 1 இருந்தாலும் பரவாயில்லை. 0 ஆக்க வேண்டும் என்றால் மட்டும் இரண்டு இடத்திலும் 0 போட வேண்டும்.

கண்ணால் பார்க்க விரும்பினால் லாக்_மார்ஷியன்ஸ் (இப்படி எறியப்பட்டவற்றைக் குறித்துவைப்பது) என்பதை 1 ஆக்கிவிட்டு டிமெசேஜ் (கெர்னலின் செய்திகள்) பாருங்கள், "மார்ஷியன் சோர்ஸ் 192.168.10.22 ஃப்ரம் 192.168.10.50, ஆன் டெவ் ஈத்1" என்று வரிசையாக வந்து விழும்.

இதை வேலை நேரத்தில் செய்ய வேண்டாம். சம்பளப் பட்டியல் முடியட்டும்.

சிப்போன்_வாசகர் | புதன், இரவு 9.40

யூடிபி (இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்புகிற முறை) பற்றி ஒன்று சேர்க்கிறேன், இதில் இரண்டு நாள் தூக்கம் கெட்டிருக்கிறேன். எங்கள் கால் சென்டரில் போன்களுக்கான சர்வரில் இதே மாதிரி இரண்டு முகவரி. ஐபி ரூல் எல்லாம் சரியாக இருந்தது, இருந்தும் .22-ல் பதிவு செய்ய வேண்டிய போன்கள் பதிவாகாமல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருந்தன. டிசிபிடம்ப் (போய்வருகிற பாக்கெட்டுகளைக் காட்டுகிற கருவி) வைத்துப் பார்த்தால் கேள்வி .22-க்குப் போகிறது, பதில் .21 என்ற முகவரியிலிருந்து வருகிறது. நான் கேட்டது வேறு ஆளிடம் என்று போன் அதை ஒதுக்கிவிடுகிறது. டிசிபியில் இணைப்பு எந்த முகவரியில் தொடங்கியதோ அதே முகவரியில்தான் பதில் போகும். யூடிபியில் மென்பொருள் 0.0.0.0 என்று பொதுவாகக் காது கொடுத்துக்கொண்டிருந்தால், அது தனியாகக் கவனம் எடுக்காத வரை, அனுப்புநர் முகவரியைக் கெர்னல்தான் மெயின் டேபிளைப் பார்த்துப் போடும். மென்பொருளின் அமைப்பில் 0.0.0.0-ஐ எடுத்துவிட்டு .22 என்று நேரடியாக எழுதியதும் எல்லாப் போன்களும் பதிவாகிவிட்டன.

வைட்ஃபீல்ட்_ரூட் | புதன், இரவு 10.10

மிகச் சரி, இது முக்கியமானது. இன்னொரு அனுபவமும் சொல்லிவிடுகிறேன், ஆர்ப்பை மட்டும் சரிசெய்து வழியைச் சரிசெய்யாமல் விட்டால் ஆர்பி_ஃபில்டர் 0 ஆக இருக்கிற இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு.

முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் பேக்கப் சர்வருக்கு இப்படி இரண்டு கார்டு. உள்ளே வருவதெல்லாம் ஈத்1-ல், வெளியே போவதெல்லாம் ஈத்0-வில். எல்லாம் நன்றாக ஓடுகிற மாதிரியே இருந்தது. ஆனால் இரவு பேக்கப் ஓடும்போது அந்த மாடியில் இருந்த எல்லாக் கணினிகளின் போர்ட் விளக்கும் ஒன்றாக மினுக்கிக்கொண்டிருந்தது. காரணம் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. ஸ்விட்ச் ஒரு மேக் முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்பதை, அந்த மேக்கிலிருந்து கிளம்புகிற பாக்கெட்டைப் பார்த்துத்தான் கற்கிறது. ஈத்1 எதையும் அனுப்புவதே இல்லை. சிஸ்கோ ஸ்விட்சில் இந்த நினைவு இயல்பாக 300 விநாடி, அதாவது 5 நிமிடம். ஆனால் வேறு விலேன்-ல் (தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில்) இருந்து வருகிற பேக்கப்பை உள்ளே அனுப்புகிற ரௌட்டருக்கு ஆர்ப் நினைவு 4 மணி நேரம். 5 நிமிடத்தில் ஸ்விட்ச் மறந்துவிடும், ரௌட்டர் அந்த மேக்குக்கே அனுப்பிக்கொண்டிருக்கும், எங்கே இருக்கிறது என்று தெரியாததால் ஸ்விட்ச் ஒவ்வொரு பாக்கெட்டையும் எல்லாப் போர்ட்டுக்கும் அள்ளி வீசும். அடுத்த ஆர்ப் வரை இதே கதை. ஐபி ரூல் போட்டு, பதிலும் ஈத்1 வழியாகப் போக ஆரம்பித்த அன்றே நின்றுவிட்டது.

பழைய_ஹப் | வியாழன், காலை 7.30

தம்பி பீன்யா, இவர்கள் சொல்வதெல்லாம் சரி, ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன். ஆனால் ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. உனக்கு இரண்டாவது கார்டு எதற்கு?

ஒரு கிகாபிட் போர்ட்டில் நிஜமாகக் கிடைப்பது விநாடிக்குச் சுமார் 940 மெகாபிட், அதாவது 117 மெகாபைட் பக்கம். 16 கேமரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட் என்று வைத்தால் 64 மெகாபிட். போர்ட்டில் 100-க்கு 7 பங்குகூட வராது. மீதியை 28 கணினிகள் நிரப்புகின்றனவா என்று அளந்தாயா? மதியம் 3 மணிக்கு, சுற்றுகிறது என்று சொல்கிற நேரத்தில், ஈத்0-வில் எவ்வளவு ஓடுகிறது என்று பார். அதே நேரத்தில் "ஐஓஸ்டாட் -எக்ஸ் 2" போட்டு டிஸ்க் எவ்வளவு மூச்சு வாங்குகிறது என்றும் பார். கேமராவும் டிசைன் ஃபைலும் ஒரே டிஸ்க்கில் இருக்கிறதா?

அளந்துவிட்டு வா. போர்ட்தான் நிரம்புகிறது என்றால் அதற்கும் ஒரே சப்நெட்டில் இரண்டு முகவரி என்பது என் முதல் தேர்வு இல்லை, பாண்டிங்தான். இரண்டு கார்டையும் சேர்த்து ஒரே முகவரி. உன் ஸ்விட்ச் மேனேஜ்ட் இல்லை என்பதால் மோட் 4, அதாவது எல்ஏசிபி முடியாது, அதற்கு ஸ்விட்சும் ஒத்துழைக்க வேண்டும். மோட் 1 போடலாம், ஒரு கேபிள் போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும், வேகம் கூடாது, ஆனால் நிம்மதி. மோட் 6 ஸ்விட்சின் உதவி இல்லாமலே இரண்டு பக்கமும் பங்கிடும், ஆர்ப் பதிலில் ஒரு கணினிக்கு ஒரு மேக், இன்னொரு கணினிக்கு மற்ற மேக் என்று கொடுத்து. எந்த மோடானாலும் எம்ஐஐமான் (கேபிள் இணைப்பைச் சோதிக்கிற இடைவெளி, மில்லிவிநாடியில்) 100 என்று போட மறக்காதே, இல்லாவிட்டால் கேபிள் கழன்றது அதற்குத் தெரியாது. எல்ஏசிபி போட்டாலும் ஒரு தனி ஃபைல் காப்பி ஒரு கார்டின் வேகத்தைத் தாண்டாது, பல பேர் சேரும்போதுதான் பலன்.

பீன்யா_28 | வியாழன், மாலை 5.50

சார், அளந்தேன். மதியம் 3.20-க்கு ஈத்0-வில் அதிகபட்சம் விநாடிக்கு 31 மெகாபைட். டிஸ்க் பயன்பாடு 98, 99 சதவீதம் என்றே நின்றது, கீழே இறங்கவே இல்லை. ஒரே 4 டிபி டிஸ்க், கேமராவும் டிசைனும் கணக்கும் எல்லாம் அதில்தான்.

பழைய_ஹப் | வியாழன், இரவு 8.00

அதுதான் விஷயம். 16 கேமரா 16 இடத்தில் நிற்காமல் எழுதிக்கொண்டே இருக்கும்போது, சுழலும் டிஸ்க்கின் முள் அங்கும் இங்கும் ஓடி ஓடியே நேரம் போகிறது. நடுவில் டிசைன் ஃபைலுக்குக் காத்திருக்க வேண்டியதுதான். கேமராவுக்குத் தனி டிஸ்க் வாங்கிப் போடு. இரண்டாவது கார்டு ஏற்கெனவே இருக்கிறது, அதை வீணாக்க வேண்டாம், கேமராக்களுக்கு 192.168.20.0/24 என்று வேறு சப்நெட், தனியாக ஒரு சிறிய ஸ்விட்ச், ஈத்1-ஐ அங்கே கொடு. சப்நெட் வேறு என்றால் இந்த ஆர்ப்_இக்னோர், ஐபி ரூல் எதுவுமே தேவைப்படாது, ரௌட்டிங் டேபிளில் இரண்டு வேறு வரிகள், குழப்பத்துக்கு இடமே இல்லை.

வைட்ஃபீல்ட்_ரூட் | வியாழன், இரவு 8.25

பழைய ஹப் சார் சொல்வதற்கு முழுச் சம்மதம். நான் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் எழுதினேன், அவர் கேட்கப்படாத கேள்வியைப் பிடித்திருக்கிறார். ஒரே சப்நெட்டில் இரண்டு கார்டு நிஜமாகவே தேவைப்படுகிற இடங்கள் உண்டு, ஒரே லேனில் (உள் நெட்வொர்க்கில்) இரண்டு இன்டர்நெட் ரௌட்டர் இருந்து ஒவ்வொரு முகவரியும் ஒவ்வொரு ரௌட்டர் வழியாகப் போக வேண்டும் என்கிற மாதிரி. அங்கே மேலே எழுதிய மூன்றும் வேண்டும், டேபிள் 102-ல் கேட்வே மட்டும் மாறும். பீன்யா நண்பருக்கு அது தேவையில்லை.

பீன்யா_28 | வெள்ளி, காலை 10.15

ஒரு சந்தேகம் மட்டும். ஈத்1 கேமராவுக்குப் போய்விட்டால் .22 இருக்காது. கணக்குப் பிரிவின் 9 கணினிகளிலும் ஷேர், கணக்கு மென்பொருளின் பாதை எல்லாம் .22 என்று போட்டுவைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? இந்த வாரம் கணக்குப் பிரிவு அக்காவை இன்னொரு தடவை தொந்தரவு செய்ய மனம் வரவில்லை.

வைட்ஃபீல்ட்_ரூட் | வெள்ளி, காலை 10.40

ஒன்றும் மாற்ற வேண்டாம். .22-ஐ ஈத்0-விலேயே இரண்டாவது முகவரியாகச் சேர்த்துவிடுங்கள்:

ஐபி அட்ரஸ் ஆட் 192.168.10.22/24 டெவ் ஈத்0

ஒரு கார்டில் ஒரே சப்நெட்டின் எத்தனை முகவரி வேண்டுமானாலும் இருக்கலாம், அதில் எந்தச் சிக்கலும் இல்லை. மெஷினை மறுபடி தொடங்கினாலும் நிலைக்க, இன்டர்ஃபேசஸ் ஃபைலில் ஈத்0-வுக்கு இன்னொரு ஐஃபேஸ் பகுதி எழுதி, ஈத்1-ல் இருந்த .22-ஐ எடுத்துவிடுங்கள். மாற்றிய பிறகு சில கணினிகள் பழைய மேக்கைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்பார்கள், உங்கள் இடத்தில் .22-க்கு ஈத்0-வின் மேக்தான் எல்லோரிடமும் இருக்கிறது, அதனால் அந்த இடைவெளிகூட இருக்காது.

அல்சூர்_கேபிள் | வெள்ளி, மதியம் 12.30

கேமரா ஸ்விட்ச் வாங்கும்போது பிஓஈ (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தருவது) உள்ளதாகவும், 16 கேமராவுக்கும் சேர்த்து மொத்த வாட் தாங்குவதாகவும் பார்த்து வாங்குங்கள். இரவில் இன்ஃப்ராரெட் விளக்கு எரியும்போது கேமரா இழுக்கிற மின்சாரம் கூடும், பகலில் ஓடுவது இரவில் ஒவ்வொன்றாக விழும்.

பீன்யா_28 | ஞாயிறு, மாலை 7.20

முடித்துவிட்டேன். நேற்று எஸ்.பி. ரோடில் கேமரா பதிவுக்கென்றே வருகிற ஒரு டிஸ்க்கும், 18 போர்ட் உள்ள பிஓஈ ஸ்விட்சும் வாங்கினேன். அல்சூர் அண்ணா சொன்னபடி வாட் கணக்குப் போட்டே எடுத்தேன். இன்று காலை 9-லிருந்து வேலை. 16 கேமராவுக்கும் 192.168.20.101 முதல் 116 வரை, ஈத்1-க்கு 192.168.20.21, பதிவெல்லாம் புது டிஸ்க்கில். செக்யூரிட்டி அறையில் நேரடியாகப் பார்க்கிற கணினியையும் அந்தப் பக்கமே மாற்றிவிட்டேன், அதற்கு வேறு எதுவும் தேவையில்லை. .22 இப்போது ஈத்0-வில். கணக்குப் பிரிவின் 9 கணினிகளிலும் ஒன்றைக்கூடத் தொடாமல் ஷேர் திறந்தது, ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

"ஐபி -எஸ் லிங்க்"-ல் ஈத்1 முதல் தடவையாக ஓடுகிறது, உள்ளே வருவது 7, 8 மெகாபைட். ஆர்பி_ஃபில்டர் 1-லேயே இருக்கிறது, மார்ஷியன் வரி ஒன்றுகூட வரவில்லை. எல்லாக் கேமராவும் பதிவு செய்துகொண்டிருக்கும்போதே 600 மெகாபைட் டிசைன் ஃபைல் ஒன்றைத் திறந்து பார்த்தேன், பழைய டிஸ்க் 20-ஐத் தாண்டவில்லை. ஞாயிறு என்பதால் ஆள் இல்லை, நாளை மதியம் 3 மணிக்கு எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஐஓஸ்டாட் எடுத்து இங்கே போடுகிறேன்.

பழைய_ஹப் | ஞாயிறு, இரவு 8.05

நல்லது தம்பி. நாளைக்கு 3 மணிக்கு மட்டும் இல்லை, காலை 9.30-க்கு எல்லோரும் ஒன்றாக ஃபைல் திறக்கிற நேரத்திலும் ஒரு தடவை எடுத்துப் போடு.

பீன்யா_28 | திங்கள், மாலை 4.10

காலை 9.30: டிஸ்க் 41, ஈத்0 விநாடிக்கு 58 மெகாபைட். மதியம் 3.15: டிஸ்க் 36, ஈத்0 44 மெகாபைட். டிசைன் பிரிவிலிருந்து இன்று ஒரு போன்கூட வரவில்லை.